வைரஸ் போனது, டிஸ்க்கும் போனது: அம்பத்தூர்ப் பட்டறைக் கணினி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வைரஸ் இருந்தவரை அந்தக் கணினி ஓடிக்கொண்டிருந்தது. வைரஸை நீக்கிய அன்றுதான் நின்றுபோனது. இந்த நிகழ்வை விரிவாக எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியதற்கு அதுவே காரணம். பூட் செக்டார் வைரஸ், அதாவது கணினி தொடங்கும்போது முதலில் படிக்கும் டிஸ்க் துண்டில் ஒளிந்துகொள்ளும் வைரஸ் என்றதும் பழைய ஆட்கள் எல்லோரும் ஒரே கட்டளையைத்தான் சொல்வார்கள். பெரும்பாலான வைரஸ்களுக்கு அது சரியான மருந்து. சிலவற்றுக்கு அதே மருந்து நோயைவிடக் கொடியது. எந்த வைரஸ் என்று பாராமல் டிஸ்க்கில் கைவைக்கக் கூடாது என்பதுதான் நான் சொல்ல வருவது.

இடம் அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு சிறு பட்டறை. பம்புகளுக்கான தண்டுகளும் வால்வு உதிரிபாகங்களும் கடைந்து கொடுக்கிறார்கள். அங்குள்ள, எண் கட்டளைகளால் ஓடும் பழைய சிஎன்சி கடைசல் இயந்திரத்துக்கு ஒரு பென்டியம் கணினிதான் ஆர்எஸ்-232 கேபிள் வழியாகப் புரோகிராம்களை அனுப்புகிறது. அதில் எம்எஸ்-டாஸ் 6.22 இயங்குதளம், 426 மெகாபைட் ஹார்ட் டிஸ்க், ஒரு ஃபிளாப்பி டிரைவ். இந்தக் காலத்தில் இதுவா என்று கேட்பவர்கள் அந்தத் தொழிற்பேட்டைக்குள் ஒருமுறை நடந்து பார்க்கலாம். கடைசல் இயந்திரம் இன்னும் துல்லியமாக ஓடுகிறது. அதற்கு ஏற்ற கணினி இதுதான். மாற்ற வேண்டுமானால் இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியையே மாற்ற வேண்டும். அந்தச் செலவைச் சிறு பட்டறை தாங்காது.

அந்த டிஸ்க்கில் இருந்தவை சாதாரணக் கோப்புகள் அல்ல. ஓய்வுபெற்றுப் போன ஓர் ஆபரேட்டர் ஒவ்வோர் உதிரிபாகத்துக்கும் வெட்டிப் பார்த்து, அளந்து பார்த்து, வேகத்தையும் ஆழத்தையும் திருத்தித் திருத்தி நிலைநிறுத்திய புரோகிராம்கள் அவை. சில ஃபிளாப்பிகளில் பாதி நகல் இருந்தது. முழு நகல் எங்குமே இல்லை.

விஷயம் வெளியே வந்த விதம் இது. பட்டறையிலிருந்து ஒரு ஃபிளாப்பி வாடிக்கையாளர் ஒருவரின் அலுவலகத்துக்குப் போனது. அங்கே யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவில் போட்டதும் வைரஸ் தடுப்பு மென்பொருள் எச்சரித்தது. ஃபிளாப்பி திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. பட்டறைக்காரர் தமக்குத் தெரிந்த டெக்னீஷியன் ஒருவரை அழைத்தார். அவர் சுத்தமான டாஸ் ஃபிளாப்பியில் கணினியைத் தொடங்கிப் பார்த்தபோது, சி டிரைவே இல்லை என்றது டாஸ். வைரஸ்தான் டிஸ்க்கைக் கெடுத்துவிட்டது என்று முடிவு செய்து, டிஸ்க்கைப் பகுதி பிரிக்கும் எஃப்டிஸ்க் கட்டளையை எம்பிஆர் இணைப்போடு (FDISK /MBR) ஓட்டினார். பிறகு ஃபிளாப்பியை எடுத்துவிட்டுக் கணினியைத் தொடங்கினால், டிஸ்க்கின் பகுதிகள் எங்கே தொடங்குகின்றன என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணை செல்லாது என்ற செய்தியோடு நின்றது.

புதிதாகப் பார்ட்டிஷன் போட்டு ஃபார்மட் செய்துவிடலாம் என்று டெக்னீஷியன் சொன்னபோதுதான் பட்டறைக்காரர் தடுத்திருக்கிறார். அந்த ஒரு மறுப்புதான் எல்லாவற்றையும் காப்பாற்றியது. ஃபார்மட் செய்திருந்தால், எந்தக் கோப்பு எந்தெந்த இடத்தில் தொடர்கிறது என்று சொல்லும் ஃபேட் அட்டவணை வெறுமையாகியிருக்கும். என்னிடம் வந்தபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: “தம்பி, டிஸ்க் போனால் போகட்டும். உள்ளே இருக்கிற புரோகிராம் எனக்கு வேண்டும்.”

டெக்னீஷியனைக் குறை சொல்வது எளிது, ஆனால் நியாயமில்லை. அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதைப் புரிந்துகொள்ள, ஹார்ட் டிஸ்க்கின் முதல் செக்டாரைப் பார்க்க வேண்டும்.

மாஸ்டர் பூட் ரெக்கார்டு என்னும் அந்த செக்டாரின் அளவு 512 பைட். முதல் 446 பைட் ஒரு சிறு நிரல். அடுத்த 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை: 16 பைட் வீதம் நான்கு பதிவுகள். கடைசி 2 பைட் அடையாளக் குறி: 85, 170. கணினியைப் போட்டதும், மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸ் இந்த 512 பைட்டையும் நினைவகத்தில் ஏற்றி, குறி சரியாக இருந்தால் அந்த நிரலிடம் ஆட்சியை ஒப்படைத்துவிடுகிறது. இயங்குதளம் அப்போது இன்னும் எழவே இல்லை. எந்தப் பாதுகாப்பு மென்பொருளும் எழவில்லை. அந்த முதல் 446 பைட்டில் உட்கார்ந்துகொள்பவனுக்கு முழுக் கணினியும் வசம். ஃபிளாப்பியின் முதல் செக்டாரும் இதே முறையில்தான் ஓடுகிறது.

1986இல் லாகூரில் இரு சகோதரர்கள் எழுதிய பிரெயின், பிசி உலகின் முதல் வைரஸ். அது ஃபிளாப்பியோடு நின்றுகொண்டது. 1987இல் நியூசிலாந்திலிருந்து வந்த ஸ்டோன்டு ஹார்ட் டிஸ்க்கின் முதல் செக்டாரையும் பிடித்தது. பிறகு நம் நாட்டிலேயே 1990இல் கண்டறியப்பட்ட ஜோஷி, ஜனவரி 5ஆம் தேதி பிறந்தநாள் வாழ்த்தைத் தட்டச்சு செய்யச் சொல்லிக் கணினியை நிறுத்திவைத்தது. மார்ச் 6 அன்று டிஸ்க்கை அழிக்கும் மைக்கலாஞ்சலோ, 1992இல் உலகம் முழுவதையும் பதறவைத்தது.

ஸ்டோன்டும் மைக்கலாஞ்சலோவும் முதல் செக்டாரைப் பிடிக்கும்போது பார்ட்டிஷன் அட்டவணையை அதே இடத்தில் விட்டுவைக்கின்றன. முதல் 446 பைட்டை மட்டும் புதிதாக எழுதினால் போதும். வைரஸ் போய்விடும், அட்டவணை பிழைத்துக்கொள்ளும். எம்எஸ்-டாஸ் 5.0 முதல் எஃப்டிஸ்க்கில் இருந்துவந்த எம்பிஆர் இணைப்பு இந்த வேலையைத்தான் செய்கிறது. கையேட்டில் அச்சேறாமலே வாய்வழியாகப் பரவிய கட்டளை அது. பலரைக் காப்பாற்றியதால்தான் அதற்கு அவ்வளவு நல்ல பெயர். அந்த நல்ல பெயரே இங்கே ஆபத்தானது.

இந்தப் பட்டறைக்கு வந்தது மங்கி. ஸ்டோன்டு வழியில் வந்ததுதான். 1991இல் கனடாவின் எட்மண்டனில் கண்டறியப்பட்டது. கோப்புகளை அழிப்பதில்லை, திரையில் எதையும் காட்டுவதில்லை. ஆனால் மூல செக்டார் முழுவதையும், பார்ட்டிஷன் அட்டவணையோடு சேர்த்து எடுத்து, ஒவ்வொரு பைட்டையும் 46 என்ற எண்ணோடு எக்ஸ்ஓஆர் செய்து (அதே எண்ணோடு மறுபடி செய்தால் மூலம் திரும்பிவிடும் பிட் கணக்கு இது) மறைத்து, டிஸ்க்கின் மூன்றாவது செக்டாரில் எழுதிவிடுகிறது. முதல் செக்டாரில் தன் உடலை மட்டும் வைத்துக்கொள்கிறது. அங்கே செல்லுபடியான அட்டவணை கிடையாது.

வைரஸ் நினைவகத்தில் இருக்கும்வரை, முதல் செக்டாரை யார் கேட்டாலும் அது மூன்றாவது செக்டாரைப் படித்து, மறையை அவிழ்த்துக் கொடுத்துவிடும். வீட்டுப் பத்திரத்தை எடுத்துத் தன் பெட்டியில் பூட்டிக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் தானே எடுத்துக் காட்டும் ஆளைப் போல. அந்த ஆளை வெளியே துரத்தினால் பத்திரம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. சுத்தமான ஃபிளாப்பியில் தொடங்கியபோது சி டிரைவ் காணாமல் போனது இதனால்தான். டிஸ்க் கெட்டுப்போகவில்லை, வைரஸ் அன்று ஓடவில்லை, அவ்வளவுதான்.

எனவே சுத்தமான ஃபிளாப்பியில் தொடங்கும்போது சி டிரைவ் தெரியவில்லை என்றால், அது எச்சரிக்கை. அந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். அட்டவணை இடம் மாறியிருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டியதில்லை. 1994இல் பரவிய ஒன் ஹாஃப் இன்னும் மோசம். டிஸ்க்கின் கடைசியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு முறை கணினியைப் போடும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தரவையே மறையாக்கிக்கொண்டு வரும். அதை அவிழ்க்கும் சாவி வைரஸிடமே இருக்கும். அவசரப்பட்டு வைரஸை அழித்தால் சாவியும் சேர்ந்து அழியும்.

இனி செய்த வேலை. டிஸ்க்கைக் கழற்றியதும் அதை விண்டோஸ் கணினி எதிலும் இணைக்கவில்லை. அட்டவணை செல்லாத டிஸ்க்கைக் கண்டால் விண்டோஸ் அதைத் தயார்செய்யவா என்று கேட்கும். ஆம் என்று அழுத்திவிட்டால் முதல் செக்டாரில் புதிதாக எழுதிவிடும். கேள்வி கேட்பதே உதவி செய்வதற்குத்தான் என்று நம்பி அழுத்துபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு பழைய டிஸ்க்கை யுஎஸ்பி மாற்றிகள் எல்லாம் அடையாளம் காண்பதும் இல்லை. அதனால் ஐடிஇ இணைப்பு உள்ள பழைய டெஸ்க்டாப் ஒன்றைப் பயன்படுத்தினேன். நாற்பது முள் ரிப்பன் கேபிள் மட்டும் கைவசம் நல்லதாக இல்லை. ரிச்சி தெருவில் பழைய பொருள் விற்கும் கடையில் கிடைத்தது. அந்தத் தெருவில் தேடினால் இன்றும் கிடைக்கிறது. கேபிளின் சிவப்பு ஓரம் முதல் முள் பக்கம் இருக்க வேண்டும்.

சிடியிலிருந்தே ஓடும் லினக்ஸில் தொடங்கி, டிஸ்க் தானாக மவுன்ட் ஆகாதபடி, அதாவது கோப்புகளைக் காட்டத் திறக்காதபடி, நிறுத்திவிட்டு, முதல் செக்டார் முதல் கடைசி செக்டார் வரை அப்படியே ஒரு பிம்பக் கோப்பாக நகலெடுத்தேன். கோப்புகளை மட்டும் நகலெடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. அட்டவணை இல்லாத டிஸ்க்கில் கோப்பு என்று ஒன்றும் தெரியாது. படிக்க முடியாத செக்டார் ஒன்றும் இல்லை என்பது பெரிய ஆறுதல். அந்தப் பிம்பத்துக்கு இன்னொரு நகல் எடுத்து, அதில் மட்டுமே வேலை செய்தேன். இதற்குப் பிறகு எந்தத் தவறு நடந்தாலும் மூலம் பத்திரமாக இருக்கும். இந்தப் படியைச் செய்யாமல் வைரஸ் நீக்கத் தொடங்குபவரிடம் என் டிஸ்க்கைக் கொடுக்க மாட்டேன்.

பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் பிம்பத்தைத் திறந்தேன். முதல் செக்டாரில் டாஸின் நிரல் புத்தம் புதிதாக இருந்தது, எஃப்டிஸ்க் எழுதியது. அட்டவணை இருக்க வேண்டிய 64 பைட்டில் பொருளுள்ள எதுவும் இல்லை. ஒவ்வொரு பதிவின் முதல் பைட்டும் 128 அல்லது 0 ஆக இருக்க வேண்டும். இரண்டும் இல்லாததால்தான் அட்டவணை செல்லாது என்று கணினி நின்றது.

இந்தத் தலைமுறை டிஸ்க்குகளில் முதல் பார்ட்டிஷன் 63ஆம் எண் செக்டாரில் தொடங்குவது வழக்கம். பூஜ்யத்திலிருந்து எண்ணினால், முதல் செக்டாருக்குப் பிறகு 62 செக்டார்கள் யாரும் பயன்படுத்தாமல் கிடக்கும். பூட் செக்டார் வைரஸ்கள் மூலத்தை ஒளித்துவைப்பது பெரும்பாலும் அங்கேதான். மூன்றாவது செக்டார் என்றால் கோப்பில் 1,024ஆம் பைட்டிலிருந்து 1,535ஆம் பைட் வரை.

அங்கே போய்ப் பார்ப்பவர் ஏமாந்துபோக ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஹெக்ஸ் எடிட்டரின் வலப்பக்க எழுத்துப் பத்தியில் வரிசை வரிசையாகப் புள்ளிகள் மட்டுமே தெரியும். வெறும் பூஜ்யங்கள், காலி செக்டார் என்று நினைக்கத் தோன்றும். ஏனென்றால் எழுத்தாகக் காட்ட முடியாத பைட்டை எடிட்டர் புள்ளியாகக் காட்டும், பூஜ்யமும் புள்ளிதான். ஆனால் 46 என்ற எண்ணுக்கு உரிய எழுத்தும் முற்றுப்புள்ளியேதான். இடப்பக்க எண் பத்தியைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அங்கே பூஜ்யங்கள் இல்லை, எங்கும் 46 (எடிட்டர் அதை ஹெக்ஸ் முறையில் 2E என்று காட்டும்; இங்கே எல்லா எண்களையும் தசமத்தில் தருகிறேன்). பூஜ்யத்தை 46 உடன் எக்ஸ்ஓஆர் செய்தால் 46 வரும். மூல செக்டாரில் எங்கெல்லாம் வெற்றிடம் இருந்ததோ அங்கெல்லாம் மங்கி தன் எண்ணைப் பதித்துவிட்டுப் போயிருந்தது. கடைசி இரண்டு பைட் 123, 132. இவற்றை 46 உடன் எக்ஸ்ஓஆர் செய்தால் 85, 170. அடையாளக் குறி அப்படியே இருந்தது.

அட்டவணையின் முதல் பதிவு 174, 47, 47, 46, 40 என்று தொடங்கியது. அவிழ்த்தால் 128, 1, 1, 0, 6. அதாவது தொடங்கத்தக்க பார்ட்டிஷன்; டிஸ்க்கில் 1ஆம் எண் ஹெட், 1ஆம் எண் செக்டார், 0ஆம் எண் சிலிண்டரில் ஆரம்பம்; வகை 6, ஃபேட்16. அதே பதிவில் தொடக்க இடத்தைச் சொல்லும் நான்கு பைட் 17, 46, 46, 46. அவிழ்த்தால் 63, 0, 0, 0. எதிர்பார்த்த அதே 63. எஃப்டிஸ்க் முதல் செக்டாரை மட்டுமே தொட்டிருந்ததால் மூன்றாவது செக்டார் தப்பியிருந்தது.

மங்கியை நீக்குவதற்கென்றே ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்திலிருந்து கில்மங்க் என்ற சிறு நிரல் அந்தக் காலத்தில் வந்தது. இங்கே வைரஸின் உடலே போய்விட்டதால், கையால் செய்வதையே தேர்ந்தேன். 512 பைட்டையும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் கொண்டு அவிழ்த்துத் தனிக் கோப்பில் வைத்தேன். உடனே முதல் செக்டாரில் எழுதிவிடவில்லை. ஒரே டிஸ்க்கில் இரண்டு வைரஸ் ஏறியிருந்தால், இரண்டாவது வைரஸ் மூலம் என்று எடுத்து வைத்திருப்பது முதல் வைரஸின் உடலாகவே இருக்கும். ஸ்டோன்டும் மைக்கலாஞ்சலோவும் ஒன்றாகச் சேர்ந்தால் இன்னும் கேடு. இரண்டுமே மூலத்தை ஒரே இடத்தில், ஏழாவது செக்டாரில், வைக்கும். பின்னால் வந்தது முன்னதின் மேல் எழுதும்போது உண்மையான மூலம் அழிந்தே போய்விடும். ஆகவே அவிழ்த்த செக்டாரின் முதல் 446 பைட்டைச் சுத்தமான டாஸ் 6.22 நிரலோடு ஒப்பிட்டேன். பொருந்தியது.

அடுத்து நகல் பிம்பத்தில் அந்த செக்டாரை முதல் இடத்தில் எழுதி, 32,256ஆம் பைட்டிலிருந்து, அதாவது 63ஐ 512ஆல் பெருக்கிய இடத்திலிருந்து, படிக்க மட்டும் மவுன்ட் செய்தேன். கோப்புறைகள் திறந்தன. பெயர் தெரிந்தால் மட்டும் போதாது என்று சில புரோகிராம்களைக் கடைசிவரை படித்துப் பார்த்தேன். சதவீதக் குறியில் தொடங்கி, எம்30 என்ற முடிவு வரியில் நிற்கும் முழுக் கோப்புகள். பட்டறைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டியபோது, திரையில் ஒவ்வோர் எண்ணாகப் பார்த்து, எந்த வாடிக்கையாளரின் தண்டு என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

எல்லாக் கோப்புகளையும் வெளியே எடுத்துவைத்த பிறகே உண்மையான டிஸ்க்கில் அந்த 512 பைட்டை எழுதினேன். மூன்றாவது செக்டாரை வெறுமையாக்கினேன். எழுதுதடை போட்ட டாஸ் ஃபிளாப்பியில் கணினியைத் தொடங்கியபோது சி டிரைவ் வந்தது. ஃபிளாப்பி இல்லாமல் தொடங்கியபோதும் வந்தது. டிஸ்க்கைச் சோதிக்கும் டாஸ் கட்டளையான செக்டிஸ்க் மொத்த நினைவகத்தை 655,360 பைட் என்று காட்டியது. மங்கி இருந்தால் ஒரு கிலோபைட்டைத் தனக்கு ஒதுக்கிக்கொண்டு 654,336 என்று காட்டும். இந்த எண்ணை மட்டும் நம்பித் தீர்ப்பு சொல்லக் கூடாது. சில பயாஸ்கள் தங்கள் தேவைக்கு அதே ஒரு கிலோபைட்டை எடுத்துக்கொள்வதுண்டு. அந்தக் கணினி நலமாக இருந்தபோது என்ன காட்டியது என்று தெரிந்திருந்தால்தான் குறைவுக்குப் பொருள் உண்டு.

டிஸ்க் மீண்டது பாதி வேலைதான். வைரஸ் எப்படி வந்தது என்று கண்டுபிடிக்காவிட்டால் அடுத்த மாதமே திரும்ப வரும். ஃபிளாப்பியைப் போட்டுப் படித்தால் வைரஸ் ஏறிவிடும் என்ற பயம் பட்டறையில் எல்லோருக்கும் இருந்தது. அது சரியல்ல. சுத்தமான கணினியில் நோயுள்ள ஃபிளாப்பியின் கோப்புப் பட்டியலைப் பார்ப்பதால் எதுவும் ஆகாது. அந்த ஃபிளாப்பியிலிருந்து கணினி தொடங்க முயன்றால் மட்டுமே ஏறும். இது இயங்குதளம் உள்ள ஃபிளாப்பி அல்ல என்ற செய்தி வந்து தொடக்கம் தோல்வியடைந்தாலும் சரி, அதற்குள் வைரஸ் ஹார்ட் டிஸ்க்கில் ஏறி முடிந்திருக்கும். அதன்பின் எழுதுதடை இல்லாமல் அந்தக் கணினியில் நுழையும் ஃபிளாப்பிகளுக்கும் தொற்றும்.

அப்படியானால் இந்தக் கணினி எப்போது ஃபிளாப்பியிலிருந்து தொடங்கியது? மதர்போர்டைத் திறந்தபோது விடை கிடைத்தது. சிஆர்2032 பட்டன் பேட்டரி செத்துக் கிடந்தது. மின்சாரம் போகும்போதெல்லாம் பயாஸ் அமைப்புகள் மறந்துபோய், முதலில் ஃபிளாப்பி, பிறகு ஹார்ட் டிஸ்க் என்ற பழைய வரிசைக்குத் திரும்பிவிடும். புரோகிராமை ஏற்றிவிட்டு ஃபிளாப்பியை டிரைவிலேயே விட்டுவைக்கும் பழக்கம் பட்டறையில் இருந்தது. இடையில் ஒரு மின்வெட்டு. மின்சாரம் திரும்பியதும் கணினி தானே எழுந்து, டிரைவில் கிடந்த ஃபிளாப்பியிலிருந்து தொடங்கியிருக்கும். அண்மையில் மூடிய பக்கத்துப் பட்டறையிலிருந்து வாங்கிவந்த ஒரு பெட்டி ஃபிளாப்பிகள் அலமாரியில் இருந்தன. அவற்றின் பூட் செக்டார்களைச் சோதித்தபோது பலவற்றில் மங்கி இருந்தது. டிஸ்க்கிலிருந்து வைரஸின் உடல் போய்விட்ட பிறகும் அதன் பெயரை உறுதியாகச் சொல்ல முடிந்தது இந்த ஃபிளாப்பிகளால்தான்.

புதிய பேட்டரி போட்டு, தொடக்க வரிசையில் ஹார்ட் டிஸ்க்கை முன்னால் வைத்தேன். பூட் செக்டாரில் யாராவது எழுத முயன்றால் எச்சரிக்கும் அமைப்பும் அந்த பயாஸில் இருந்தது, அதையும் இயக்கிவிட்டேன். ஃபிளாப்பிகளில் இருந்து எடுக்கத்தக்க கோப்புகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் நிபந்தனையற்ற முறையில், அதாவது பழையதை மீட்க இடம் வைக்காமல், ஃபார்மட் செய்தோம். படிக்க மட்டும் தேவைப்படுபவற்றில் மூலையில் உள்ள தாழ்ப்பாளை நகர்த்தித் துளை திறந்திருக்கும்படி வைத்தோம். மூன்றரை அங்குல ஃபிளாப்பியில் துளை திறந்திருந்தால் அதில் எழுத முடியாது. முழுப் பிம்பத்தின் ஒரு நகல் பென் டிரைவில் பட்டறைக்காரரின் வீட்டுக்குப் போனது. ஐடிஇ மாற்றியோடு சேர்த்துப் பொருத்தும் ஒரு காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டையிலும் அதே பிம்பத்தை எழுதி, டாஸ் அதிலிருந்து தொடங்குவதைச் சோதித்து, மாற்று டிஸ்க்காகக் கணினிப் பெட்டிக்குள்ளேயே உறையில் போட்டு வைத்திருக்கிறேன். அந்தப் பழைய டிஸ்க்கின் சுழற்சி இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

இதைப் படித்துவிட்டு இன்றைய கணினியில் முயல்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை அவசியம். முதல் செக்டாரைத் தாக்கும் பழக்கம் டாஸோடு முடிந்துவிடவில்லை. 2016இல் வந்த பெட்யா அதே மாஸ்டர் பூட் ரெக்கார்டைத்தான் பிடித்து, விண்டோஸின் கோப்பு அட்டவணையை மறையாக்கிப் பணம் கேட்டது. ஆனால் இன்று பெரும்பாலான டிஸ்க்குகள் ஜிபிடி என்னும் புதிய பார்ட்டிஷன் முறையில் அமைந்தவை. அவற்றில் முதல் செக்டாருக்கு அடுத்து வெற்றிடம் கிடையாது. இரண்டாவது செக்டாரில் தலைப்பு இருக்கும். நான் இங்கே வெறுமையாக்கிய அதே மூன்றாவது செக்டாரிலிருந்துதான் அங்கே பார்ட்டிஷன் பதிவுகள் தொடங்குகின்றன. பழைய டிஸ்க்கில் குப்பையாகக் கிடந்த இடம் புதிய டிஸ்க்கில் உயிர்நிலை. டிஸ்க் எந்த முறையில் அமைந்தது என்று முதலில் பாருங்கள். அதற்கும் முன்னால் முழு நகல் எடுத்துவிடுங்கள்.